முதலில் அளப்போம், பிறகு வாங்குவோம்

வருகிற பொதுக்குழுவில் நம் சங்கத்தின் கம்ப்யூட்டர் சர்வரை மாற்றிப் புதிது வாங்குவது குறித்த தீர்மானம் வரவிருக்கிறது. நூலகப் பட்டியல், தமிழ் வகுப்புப் பதிவேடு, சந்தாக் கணக்கு, மண்டப முன்பதிவு ஆகிய நான்கும் அந்த ஒரே மெஷினில்தான் இருக்கின்றன. "ஞாயிற்றுக்கிழமை காலையில் திறக்கவே மாட்டேன் என்கிறது" என்று பெற்றோர் பலர் சொல்வது உண்மைதான். ஆனால் ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒருவர் மெமரி போதாது என்கிறார். இன்னொருவர் மெஷினுக்கு வயதாகிவிட்டது என்கிறார். மூன்றாமவர் இன்டர்நெட் இணைப்பைக் குறை சொல்கிறார். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் மூவர் கையிலும் ஓர் எண் கூட இல்லை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வாங்க வேண்டாம். சர்வரின் வேலைச் சுமையை அளந்து பதிவு செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றை நிறுவுவோம். குறைந்தது ஒரு மாதம் அது ஓடட்டும். அந்தப் பதிவை மேஜை மேல் வைத்துக்கொண்டு பிறகு முடிவு செய்வோம். சாஃப்ட்வேருக்கு விலை கிடையாது. ஒரு மாலை வேலைதான். நாம் செலவழிக்கப் போவது பண்டிகை மலருக்கு விளம்பரம் கேட்டும், குடும்பம் குடும்பமாகச் சந்தா வாங்கியும் சேர்த்த பணம். ஊகத்தை நம்பி அதைக் கொட்டுவது நியாயமில்லை.

ரயில்வேயில் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. ஆற்றுப் பாலத்துத் தூண்களில் அபாய மட்டம், இதுவரை வந்த வெள்ளத்தின் உச்ச மட்டம் என்று கோடுகள் வரைந்திருப்பார்கள். மழை இரவில் பாலத்தில் காவல் நிற்பவர் அந்தக் கோட்டை வைத்துத்தான் வண்டியை விடலாமா, நிறுத்த வேண்டுமா என்று தீர்மானிக்கிறார். வெள்ளம் வந்த பிறகு தூணில் இறங்கிக் கோடு போட முடியாது. அதேபோல், கீமேன் தன் பங்குத் தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கிறார். பெரும்பாலான நாட்களில் அவர் கண்ணில் எதுவும் படாது. அந்த வெறும் நாட்கள் வீண் அல்ல. தினமும் பார்ப்பவருக்குத்தான் இன்று புதிதாக எது மாறியிருக்கிறது என்று தெரியும். சர்வருக்கும் இதே விதிதான். நன்றாக ஓடும் நாளின் கணக்கு கையில் இருந்தால்தான், கெட்ட நாளின் கணக்குக்கு அர்த்தம் உண்டு.

நம் சர்வரில் ஓடுவது டெபியன் லினக்ஸ். 1969ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் வழியைப் பின்பற்றி, 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். பழைய யூனிக்ஸ் மெஷின்களிலேயே வேலைச் சுமையைப் பதிவு செய்ய 'சார்' என்ற கட்டளை இருந்தது. லினக்ஸில் அதே வேலையைச் செய்வது செபாஸ்டியன் கோடார்டு எழுதிய 'சிஸ்ஸ்டாட்' என்ற தொகுப்பு. அதில் 'சார்' உண்டு. டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் 'ஐயோஸ்டாட்' என்பதும் உண்டு. தமிழ்க் காதுக்கு முதலாவது மரியாதையாகவும், இரண்டாவது அலறலாகவும் கேட்கும். இரண்டையும் அந்த வரிசையிலேயே பயன்படுத்துவது நல்லது. முதலில் சார், பிறகுதான் ஐயோ!

நிறுவுவது ஒரு வரிக் கட்டளை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. டெபியன் வகை லினக்ஸில் இந்தத் தொகுப்பை நிறுவியதும் அது தானாகப் பதிவு செய்யத் தொடங்குவதில்லை. அதன் அமைப்பு ஃபைலில் 'எனேபிள்டு' என்ற இடத்தில் 'ஃபால்ஸ்' என்று இருக்கும். அதை 'ட்ரூ' என்று மாற்றி, சேவையைத் தொடங்கிவைக்க வேண்டும். இது தெரியாமல், நிறுவியாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டு, தேவைப்படும் நாளில் திறந்து பார்த்தால் காலியாக இருக்கும். அடுத்தது, பழைய பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கணக்கு. டெபியனில் சாதாரணமாக 7 நாள், ரெட் ஹேட் வகையில் 28 நாள். நமக்கு 7 நாள் போதாது. போன ஞாயிறையும் அதற்கு முந்தைய ஞாயிறையும் ஒப்பிட வேண்டாமா? அந்த எண்ணைக் கூட்டிவைப்பது ஒரு நிமிட வேலை.

சாதாரண அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை, அதாவது நாளொன்றுக்கு 144 தடவை பதிவாகும். இதில் ஒரு நுணுக்கம். 10 நிமிடத்தில் 1 நிமிடம் மட்டும் மெஷின் மூச்சுத் திணறி, மீதி 9 நிமிடம் சும்மா இருந்தால், பதிவில் 10 சதவீதம் என்றுதான் தெரியும். பார்ப்பவர் "சுமையே இல்லையே" என்பார். திணறிய அந்த ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொண்ட பெற்றோருக்குத்தான் கஷ்டம் தெரியும். ஆகையால் நமக்கு 1 நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்வதே சரி. நாளுக்கு 1,440 பதிவு. இதனால் மெஷினுக்குக் கூடுதல் சுமை என்று சிலர் பயப்படலாம். ஒரு பதிவு எடுக்க ஒரு வினாடி கூட ஆகாது. டிஸ்கில் பிடிக்கும் இடமும் இந்தக் காலத்து அளவில் பொருட்படுத்தத் தக்கதல்ல.

பதிவு கிடைத்ததும் எதைப் பார்ப்பது? நான்கைந்து எண்கள் போதும். செயற்குழுவினர் கம்ப்யூட்டர் படித்தவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலாவது, 'லோடு ஆவரேஜ்'. டிக்கெட் கவுன்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் நிற்பவர்களையும் பின்னால் வரிசையில் காத்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணிய எண்ணிக்கை அது. கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் என மூன்று எண்களாகக் காட்டும். பிராசஸரில் 4 கோர் இருந்தால் 4 கவுன்ட்டர் என்று அர்த்தம். அப்போது லோடு 4 என்றால் எல்லாக் கவுன்ட்டரிலும் வேலை நடக்கிறது, வரிசை இல்லை. 12 என்றால் 8 பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் லினக்ஸில் ஒரு விசேஷம், டிஸ்கிலிருந்து பதில் வருவதற்காகக் காத்திருக்கும் வேலைகளையும் இதே கணக்கில் சேர்த்துவிடும். கவுன்ட்டர் குமாஸ்தா சும்மா உட்கார்ந்திருக்கிறார், உள்ளேயிருந்து லெட்ஜர் வரவில்லை, வரிசை மட்டும் நீள்கிறது என்ற நிலை அது. அங்கே இன்னும் நான்கு குமாஸ்தாக்களை நியமித்து என்ன பயன்? லோடு அதிகம் என்ற ஒரே எண்ணைப் பார்த்துப் பெரிய பிராசஸர் வாங்குவது இந்தத் தவறுதான். பிராசஸர் உண்மையில் வேலை செய்த சதவீதத்தையும், டிஸ்குக்காகக் காத்திருந்த சதவீதத்தையும் 'சார்' தனித்தனியாகக் காட்டும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மெமரி. இதில்தான் மிக அதிகமான வீண் பயம். லினக்ஸில் காலியான மெமரி என்று பார்த்தால் எப்போதும் மிகக் குறைவாகவே இருக்கும். சும்மா கிடக்கும் மெமரியில், டிஸ்கிலிருந்து ஒரு தடவை படித்ததை அது வைத்துக்கொள்கிறது, மறுபடி கேட்டால் உடனே கொடுப்பதற்காக. புரோகிராம்களுக்கு இடம் தேவைப்பட்டால் அதைக் காலி செய்து தந்துவிடும். இந்தக் குழப்பம் தீரத்தான் 2014 முதல் லினக்ஸ் 'அவைலபிள்', அதாவது கேட்டால் கிடைக்கக்கூடியது, என்ற எண்ணையும் தனியாகத் தருகிறது. பார்க்க வேண்டியது அதைத்தான். மெமரி நிஜமாகவே போதவில்லை என்பதற்கு அடையாளம் 'ஸ்வாப்'. மெமரியிலிருந்து டிஸ்குக்கும் டிஸ்கிலிருந்து மெமரிக்கும் பக்கங்கள் ஓயாமல் போய் வருவது. அந்த எண் மணிக்கணக்கில் பூஜ்யமாக இருந்தால், மெமரி வாங்கச் சொல்பவரிடம் பணிவோடு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது, டிஸ்க். நம் மெஷினில் இருப்பது சுழலும் டிஸ்க், நிமிடத்துக்கு 7,200 சுற்று. வினாடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. தேவையான இடம் சுழன்று வர சராசரி அரைச் சுற்று, ஏறக்குறைய 4 மில்லி வினாடி. படிக்கும் முனை அந்த இடத்துக்கு நகர இன்னும் 8 அல்லது 9 மில்லி வினாடி. ஆக ஒரு வேண்டுகோளுக்கு 12 முதல் 13 மில்லி வினாடி. அங்கங்கே சிதறிக் கிடக்கும் தகவல் என்றால் வினாடிக்கு 80 வேண்டுகோளுக்கு மேல் அந்த டிஸ்க் சமாளிக்காது. இது இயந்திரத்தின் எல்லை. எவ்வளவு வேகமான பிராசஸரும் இதை மாற்ற முடியாது. சுழலாத எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க் வினாடிக்குப் பல ஆயிரம் வேண்டுகோளைச் சமாளிக்கும். பதிவில் டிஸ்க்தான் காரணம் என்று தெரிந்தால், முழு சர்வரையும் மாற்ற வேண்டியதில்லை. டிஸ்க் ஒன்றை மாற்றினால் போதும், சில ஆயிரம் ரூபாயோடு காரியம் முடிந்துவிடும்.

நான்காவது, இன்டர்நெட் இணைப்பு. 'சார்' ஒவ்வொரு வினாடியும் எத்தனை கிலோபைட் போய் வந்தது என்று சொல்லும். இணைப்பு தருபவர்கள் மெகாபிட்டில் சொல்வார்கள். 8 பிட் ஒரு பைட். 10 மெகாபிட் என்றால் வினாடிக்குச் சுமார் 1,200 கிலோபைட்தான். பல இணைப்புகளில் உள்ளே வரும் வேகம் அதிகமாகவும் வெளியே போகும் வேகம் குறைவாகவும் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து நம் சர்வரைத் திறப்பவர்களுக்கு வேண்டியது வெளியே போகும் வேகம். அந்த எண் உச்சவரம்பில் முட்டிக்கொண்டு நின்றால், புது சர்வர் வாங்கி அதே வாசலில் வைத்தும் பிரயோஜனமில்லை.

ஐந்தாவது நம் ஊருக்கே உரியது, வெப்பம். நாக்பூரில் மே மாதத்தில் 45 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழக்கம். பிராசஸருக்குப் பழக்கமில்லை. உள் வெப்பம் அதன் வரம்பை, பல பிராசஸர்களில் அது 100 டிகிரி ஒட்டி, நெருங்கும்போது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கெட்டுப்போகவில்லை, களைத்துப்போகிறது. வெப்பத்தையும் 'சார்' பதிவு செய்யும், ஆனால் அமைப்பு ஃபைலில் அதற்காகத் தனியாக ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஜனவரியில் பதிவு எடுத்துக்கொண்டு மே மாதத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கும் இதுவே உதாரணம். காரணம் இதுதான் என்று தெரிந்தால் வேண்டியது ஒரு மின்விசிறியும் தூசி துடைப்பதும்தான்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல சர்வர்கள் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஆள் நடமாட்டமில்லாத இரவு 1:30 மணி என்று நினைத்து வைத்த பேக்கப் வேலை, உலகப் பொது நேரத்தில் ஓடும் மெஷினில், நம் கடிகாரப்படி காலை 7 மணிக்குத் தொடங்கும். ஞாயிறு காலையில் தமிழ் வகுப்புக்குப் பெற்றோர் திறக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். நம் மெஷினில் இதுதான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்றும் எவராலும் சொல்ல முடியாது, பதிவு இல்லையே! நான் வாதாடுவது இதற்காகத்தான். ஒருவேளை காரணம் இதுவானால், புது சர்வரிலும் அதே வேலை அதே நேரத்தில் ஓடும். பணமும் போய், ஊர்வதும் நிற்காது.

சில இளைஞர்கள் "சிஸ்ஸ்டாட் பழைய காலத்துச் சாமான், புரோமீதியஸ், கிராஃபானா, ஜாபிக்ஸ் என்று எத்தனையோ வந்துவிட்டன" என்கிறார்கள். உண்மை. படம் படமாக அழகாகக் காட்டும். பத்து, நூறு மெஷின் உள்ள இடத்தில் அவை இல்லாமல் முடியாது. 2012ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் உருவான புரோமீதியஸ், அப்படிப் பல மெஷின்களை ஒரே இடத்திலிருந்து பார்க்கவே எழுதப்பட்டது. நம்மிடம் இருப்பது ஒரே மெஷின். அதைக் கவனிக்க இன்னொரு மெஷினையும், அதைக் கவனிக்க இன்னோர் ஆளையும் தேட வேண்டாம். தவிர, அமைப்பை மாற்றாவிட்டால் புரோமீதியஸ் 15 நாள் கணக்கைத்தான் வைத்திருக்கும். எந்தச் சாஃப்ட்வேரானாலும் எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். இன்னொன்று, இத்தகைய சாஃப்ட்வேர்கள் தங்கள் பக்கத்தை நெட்வொர்க்கில் திறந்துவைக்கும். அந்தக் கதவு வெளியுலகுக்கும் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் நிறுவினால், நம் மெஷினின் நாடித் துடிப்பை ஊரே பார்க்கும். படம்தான் வேண்டுமென்றால், சிஸ்ஸ்டாட்டோடு வரும் 'எஸ்ஏடிஎஃப்' என்ற கட்டளை அதே பதிவைப் படமாக வரைந்து ஃபைலாகத் தந்துவிடும். அதை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் கூட ஒட்டலாம்.

மற்றொரு யோசனை, எல்லாவற்றையும் வாடகை சர்வருக்கு, கிளவுடுக்கு மாற்றிவிடலாம் என்பது. கெட்ட யோசனை அல்ல. நம் ஊர் வெயிலும் மின்வெட்டும் அங்கே தொந்தரவு செய்யாது. ஆனால் அங்கே எத்தனை கோர், எத்தனை மெமரி என்று கேட்டுத்தான் மாத வாடகை நிர்ணயிப்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வோம்? தெரியாதவர்கள் "பெரிதாகவே இருக்கட்டும்" என்பார்கள். அந்தப் பெரிதுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அங்கேயும் ஒரே மெஷினைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நமக்குரிய நேரத்தைப் பக்கத்து வாடகைதாரர் எடுத்துக்கொள்வதை 'ஸ்டீல்' என்ற எண்ணாக 'சார்' காட்டும். ஆகவே வாடகைக்குப் போனாலும் அளவுகோலைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

கடைசியாக, நம்மைப் போன்ற சங்கங்களுக்கு இது ஏன் மற்றவர்களைவிட அவசியம் என்று சொல்கிறேன். நாம் மாற்றலில் வந்தவர்கள், மாற்றலில் போகிறவர்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் இரண்டு மூன்று வருஷத்தில் புனேவுக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார். போகும்போது மெஷினின் குணம் முழுவதும் அவர் தலைக்குள்ளேயே போய்விடுகிறது. அடுத்து வருபவருக்கு "போன வருஷம் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்க ஆளில்லை. நூலகத்தில் எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று பதிவேடு வைத்திருக்கிறோம். சந்தாவுக்கு ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஆள் மாறினாலும் காரியம் நிற்காமல் நடப்பது அந்தப் புத்தகங்களால்தான். மெஷினுக்கும் அப்படி ஒரு பதிவேடு வேண்டும்.

பதிவேடு மட்டும் போதாது, அதை ஒருவர் படிக்கவும் வேண்டும். அலாரம் வைத்துவிட்டால் யாரும் பார்க்க வேண்டாம் என்பது சரியல்ல. எதற்கெடுத்தாலும் செய்தி அனுப்பும் அலாரத்தை ஒரு வாரத்தில் எல்லோரும் அலட்சியம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். டிஸ்கில் இடம் 85 சதவீதம் நிரம்பினால் ஒன்று, பேக்கப் ஓடாவிட்டால் ஒன்று, இரண்டே அலாரம் போதும். மற்றதை வாரம் ஒரு தடவை, கால் மணி நேரம், ஓர் ஆள் கண்ணால் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் ஐந்து எண்களைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளில் ஆர்வமுள்ள இருவரை முறை வைத்து இதற்கு நியமிக்கலாம். அவர்களுக்கும் இது ஒரு படிப்பு.

ஆகவே பொதுக்குழுவில் நான் முன்மொழியப் போகும் திருத்தம் இது: சர்வர் வாங்கும் முடிவை இரண்டு மாதம் தள்ளிவைப்பது, இந்த வாரமே சிஸ்ஸ்டாட் நிறுவி 1 நிமிட இடைவெளியில் பதிவு தொடங்குவது, மெஷினின் கடிகாரத்தையும் பேக்கப் நேரத்தையும் சரிபார்ப்பது, ஒரு மாதம் கழித்து, ஞாயிறுகளின் எண்களையும் மற்ற நாட்களின் எண்களையும் ஒரே தாளில் எழுதி எல்லா உறுப்பினர்களுக்கும் தருவது. அந்தத் தாள் புது சர்வர் அவசியம் என்று சொன்னால், என் பங்கு நன்கொடையோடு நானே முதலில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு டிஸ்கோ ஒரு மின்விசிறியோ போதும் என்று சொன்னால், மிச்சப் பணத்தில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம். எப்படியானாலும் அந்தத் தாளைப் பார்த்த பிறகே கை தூக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.